கிராமிய அபிவிருத்தியும் தனிமனித விழுமியங்களும் – கல்லோயாவை முன்வைத்து ஒரு நோக்கு

அபிவிருத்தி என்னும் சொல் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே வளர்முக நாடுகளிற் பெருவழக்குப் பெற்றது. அச்சொல்லின் பொருளை வரையறுக்க முற்பட்டோர் மூலதனம், தொழினுட்பம், சந்தை, திட்டமிடல் ஆகியவை பற்றியே பெரிதும் பேசினர். கிராமத்திற்கு வீதி வேண்டும், நீர் வேண்டும், கடன் வேண்டும், விதை வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. ஆயின், ஓர் அணையைக் கட்டுவதற்கு எத்துணைச் சீமெந்து வேண்டும் என்பதைத் துல்லியமாகக் கணித்த அறிவு, அவ்வணையின் நீரை முதலிற் பெறுபவன் இறுதியில் நிற்பவனுக்கு எவ்வளவை விட்டுவைப்பான் என்பதைக் கணிக்க இயலாது நின்றது. பொறியியலும் பொருளியலும் விடைகூறாது விட்ட இவ்வினா ஒழுக்கவியலுக்கு உரியது. கிராமிய அபிவிருத்திக்குத் துணைநிற்கும் தனிமனித விழுமியங்கள் யாவை, அவற்றை யாரிடம் எதிர்பார்த்தல் நியாயம் என்னும் வினாக்கள் இங்கிருந்தே எழுகின்றன.

இவ்வினாக்களுக்கு மேனாட்டறிஞர் சிலர் தந்த விடை நன்கு அறியப்பட்டதே. 1904, 1905ஆம் ஆண்டுகளில் மாக்ஸ் வெபர் எழுதிய கட்டுரைகள், மேற்கைரோப்பிய முதலாளித்துவத்தின் எழுச்சிக்கும் புரட்டஸ்தாந்து மதத்தவரின் உழைப்பு, சிக்கனம், தன்னடக்கம் ஆகிய பண்புகளுக்கும் இடையே ஒரு தொடர்பைக் கண்டன. 1958இல் எட்வேட் பான்ஃபீல்ட், தென் இத்தாலியக் கிராமமொன்றை ஆராய்ந்து, தன் குடும்பத்தின் உடனடி நலனுக்கு அப்பால் எதனையும் கருதாத மனப்பான்மையே அக்கிராமத்தின் வறுமைக்குக் காரணம் என்றார். 1961இல் டேவிட் மக்கிளெலண்ட், சாதனை வேட்கை மிக்க சமூகங்களே முன்னேறுகின்றன என வாதிட்டதோடு அமையாது, பின்னர் ஆந்திர மாநிலத்துக் காக்கிநாடாவில் வணிகர்களுக்கு அவ்வேட்கையை ஊட்டும் பயிற்சிகளையும் நடாத்துவித்தார். விவரங்களில் வேறுபடினும் இந்த ஆய்வுகளைப் பின்பற்றியோர் வந்தடைந்த முடிவு ஒன்றே: ஏழை நாட்டுக் கிராமத்தவனிடம் ஏதோ ஒரு விழுமியம் குறைவாக உள்ளது, அதனை நிரப்பினால் அபிவிருத்தி தானே வரும்.

இம்முடிவை அப்படியே ஏற்றல் கடினம். மலேசிய அறிஞர் சையட் ஹுசைன் அலடாஸ், 1977இல் வெளிவந்த தமது நூலில், மலாயர், பிலிப்பைன்ஸ் மக்கள், ஜாவா மக்கள் ஆகியோர் பற்றிக் குடியேற்ற ஆட்சியாளர் பரப்பிய 'சோம்பேறிச் சுதேசி' என்னும் படிமம் எவ்வாறு ஆட்சியின் தேவையிலிருந்து பிறந்தது என விளக்கினார். இலங்கையின் வரலாறும் இதற்குச் சான்று பகரும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டத் துரைமார் கண்டியக் கிராமத்தவரைச் சோம்பேறிகள் எனத் தூற்றினர். தனக்கெனச் சிறிது வயலும், அவ்வயலின் பருவத்திற்கேற்ற வேலையும் உடைய ஒருவன், குறைந்த கூலிக்குத் தோட்டத்தில் ஆண்டு முழுவதும் அடைபட்டுக் கிடக்க மறுத்தமையே அங்குச் சோம்பல் எனப் பெயர் பெற்றது. தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரோ தம் உழைப்பினால் ஒரு நாட்டின் பொருளாதாரத்தையே தாங்கினர். உழைப்பு என்னும் விழுமியம் அவர்களிடம் நிறைந்திருந்தும் அவர்களது வறுமை நீங்கவில்லை. விளைச்சலின் பெரும்பகுதியை நிலவுடைமையாளனுக்கும் வட்டிக்காரனுக்கும் அளந்து கொடுக்கும் குத்தகைக்காரனிடம் சிக்கனத்தைப் போதிப்பது, பட்டினி கிடப்பவனிடம் நோன்பின் சிறப்பை உரைப்பதற்கு ஒப்பாகும்.

எனினும், இதிலிருந்து மறுகோடிக்குச் சென்று, அமைப்பை மாற்றினால் போதும், தனிமனிதப் பண்பு ஒரு பொருட்டன்று எனக் கூறுவதும் பொருந்தாது. ஒரே சட்டத்தின் கீழ், ஒரே வகையான யாப்புடன் தொடங்கப்பட்ட இரு கூட்டுறவுச் சங்கங்களுள் ஒன்று தழைப்பதும் மற்றையது களவினால் அழிவதும் கிராமங்களை அறிந்தோர் காணாத காட்சியன்று. ஆகவே, விழுமியம் முந்தியதா, அமைப்பு முந்தியதா என வழக்காடுவதை விடுத்து, இரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு தாங்குகின்றன என்பதை ஓர் உண்மை நிகழ்ச்சியின் மூலம் நோக்குதலே பயனுடைத்து. அத்தகைய நிகழ்ச்சி ஒன்றை இலங்கையின் கிழக்குப் பகுதியே தருகின்றது.

தமிழர் பட்டிப்பளை ஆறு என வழங்கிய கல்லோயாவை மறித்து நீர்த்தேக்கம் அமைக்கும் பணி, சுதந்திரத்தின் பின் 1949இல் தொடங்கப்பட்டது. அதனோடு இணைந்த குடியேற்றம் கிழக்கின் இனப்பரம்பலை மாற்றியமைத்தது என்பது தமிழ் மக்களின் நீண்டகால முறைப்பாடு. 1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அப்பள்ளத்தாக்கிலேயே தமிழருக்கு எதிரான வன்செயல் நிகழ்ந்து உயிர்கள் பலியாயின. ஆகவே, கல்லோயாவின் வாய்க்கால்களில் நீரோடு கசப்பும் கலந்தே ஓடியது எனலாம். 1970களின் இறுதியில் இடதுகரைப் பகுதியின் பாசன அமைப்புப் பெரிதும் சீர்குலைந்திருந்தது. மதகுகள் உடைக்கப்பட்டிருந்தன; வாய்க்கால்கள் தூர்ந்திருந்தன. தலைப்பில் இருந்தோர் வேண்டியதற்கு மேலாக நீரை எடுக்க, கடைமடையில் இருந்தோரின் வயல்கள் வெடித்துக் கிடந்தன. தலைப்பில் இருந்தோர் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகள். கடைமடை விவசாயிகளுட் பலர் தமிழர். விவசாயிகளுக்கும் நீர்ப்பாசனத் திணைக்கள உத்தியோகத்தருக்கும் இடையிலும் நம்பிக்கை அற்றுப்போயிருந்தது.

இந்நிலையில் இடதுகரையைப் புனரமைக்கும் திட்டமொன்று வகுக்கப்பட்டது. அதில் விவசாயிகளை ஒழுங்கமைக்கும் பொறுப்பைக் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகம், அமெரிக்கக் கோர்னெல் பல்கலைக்கழகத்தின் துணையுடன் ஏற்றது. 1981 முதல் இளம் அமைப்பாளர்கள், அவர்களுட் பெரும்பாலோர் பட்டதாரிகள், குடியேற்றங்களிலேயே சென்று தங்கினர். அவர்கள் கையில் அதிகாரமோ, பகிர்ந்தளிப்பதற்கு நிதியோ இருக்கவில்லை. வீடு வீடாகச் சென்றனர். விவசாயிகளின் இடர்களைக் கேட்டனர். ஒரே வயல் வாய்க்காலில் நீர் பெறும் பத்து, பதினைந்து, இருபது பேரைக் கூடிப்பேச வைத்தனர். சங்கம் அமைத்து யாப்பு எழுதிய பின் வேலை தொடங்குதல் என்னும் வழமையான முறை இங்குத் தலைகீழாக்கப்பட்டது. முதலில் வாய்க்காலைத் துப்புரவு செய்தனர்; அடுத்து முறைவைத்து நீர் பாய்ச்சினர்; மிஞ்சிய நீரைக் கீழே உள்ளோருக்கு விட்டனர்; அமைப்பு அதன் பின்னரே உருப்பெற்றது. பிரதிநிதிகள் வாக்கெடுப்பினாலன்றி இணக்கத்தினால் தெரிவாயினர். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. அவ்வாண்டில் நீர்த்தேக்கம் ஏறத்தாழக் கால் பங்கே நிரம்பியிருந்தது. பற்றாக்குறை பூசலை வளர்க்கும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. ஆயினும், திட்டம் தொடங்கப்பட்ட பகுதியில் சில வாரங்களுக்குள்ளேயே விவசாயிகளுட் பெரும்பாலோர் சிரமதானத்திலோ முறைப்பாசனத்திலோ கீழ்மடைக்கு நீர் சேமித்து அனுப்புவதிலோ ஈடுபட்டனர்.

இம்முயற்சியோடு நெருங்கிய தொடர்புடைய கோர்னெல் பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப், 1992இல் வெளியிட்ட நூலில், தன்னலக் கணக்கு ஒன்றினாலேயே மனித நடத்தையை விளக்கும் சமூக விஞ்ஞானத்தின் போதாமையைக் கல்லோயா உணர்த்திற்று என எழுதினார். 1997இன் சிறுபோகம் இன்னும் கடுமையான சோதனையாக வந்தது. நீர்த்தேக்கத்தின் நிலையைக் கண்ட அதிகாரிகள் நிலப்பரப்பின் ஏறத்தாழ 15 சதவீதத்திற்கே நெற்செய்கைக்கு அனுமதிக்கலாம் எனக் கருதினர். விவசாயிகளின் அமைப்புகளோ, உள்ள நீரைச் சமமாகப் பங்கிட்டு, சுமார் 65,000 ஏக்கரிலும் பயிரிட்டு நல்ல விளைச்சலைப் பெற்றன. நாட்டின் வடக்கிலும் கிழக்கிலும் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. அக்காலத்தில், தலைப்பில் இருந்த சிங்கள விவசாயிகள் திறந்துவிட்ட நீர் கடைமடைத் தமிழரின் வயல்களைச் சென்றடைந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இந்நிகழ்ச்சியின் ஒழுக்கவியற் பொருள் யாது? 1968இல் கரெட் ஹார்டின் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பொதுச்சொத்தைப் பயன்படுத்துவோர் ஒவ்வொருவரும் தத்தம் நலனை நாடுவதால் அச்சொத்து அழிதல் தவிர்க்கவியலாதது என்றது. அரசின் கட்டாயமோ தனியுடைமையோ இன்றி இதற்கு வழியில்லை என்னும் எண்ணம் பரவியது. எலினோர் ஒஸ்ட்ரொம் 1990இல் வெளியிட்ட நூலில், உலகின் பல பாகங்களில் மக்கள் தாமே விதிகளை வகுத்துப் பொதுவளங்களைக் காத்தமையை எடுத்துக்காட்டி இவ்வெண்ணத்தை மறுத்தார். கல்லோயாவும் அவர் ஆராய்ந்த இடங்களுள் ஒன்று. 2009இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. தலைமடை விவசாயி மிகையாக நீர் எடுத்தமைக்குக் காரணம் அவனது பேராசை மட்டுமன்று. நாளை நீர் வருமா என்பது அவனுக்கு நிச்சயமில்லை. தான் விட்டுக்கொடுத்தால் அடுத்தவன் அதனைப் பறிப்பானா என்பதும் நிச்சயமில்லை. நிச்சயமின்மை நல்லவனையும் பதுக்கற்காரனாக்கும். உறுதியான முறை ஒன்று வந்தபோது அதே மனிதன் வேறொருவனாக நடந்துகொண்டான்.

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்பப்படலாம். முறைப்பாசனத்தால் தலைமடையானுக்கும் நன்மை உண்டெனில், அவன் செய்தது நுண்ணிய தன்னலமேயன்றி அறமாகாது என்பதே அத்தடை. கடமை கடமைக்காகவே செய்யப்படல் வேண்டும் என்னும் காண்டின் கோட்பாட்டில் ஊறியோர் இவ்வாறு வினவுவர். இதற்கு விடை முதற்படியில் உள்ளது. கூட்டுறவு நிலைபெற்ற பின் அதனால் எல்லாரும் நன்மையடைவர் என்பது உண்மை. ஆயின், எவரும் நம்பாத நிலையில் முதலில் மதகை அடைப்பவனுக்கு அந்நன்மை உறுதியில்லை. அவன் ஏமாளியாகும் அபாயத்தைத் தானே ஏற்கின்றான். அந்த முதற் செயலைத் தன்னலக் கணக்கினால் விளக்க இயலாது. அதற்கு ஒருவகை நெஞ்சுரமும் அயலான்மீது நம்பிக்கையும் வேண்டும். முதலிற் கொடுக்கத் துணிவது விழுமியம். முதலிற் கொடுத்தவன் ஏமாறாது காப்பது அமைப்பு. விழுமியம் இன்றேல் அமைப்புப் பிறப்பதில்லை. அமைப்பு இன்றேல் விழுமியம் ஒரு போகத்திற்கு மேல் நிலைப்பதில்லை.

இவ்வாறு நோக்குமிடத்து, கிராமிய அபிவிருத்திக்குத் துணைநிற்கும் விழுமியங்களின் பட்டியலே மாறிவிடுகின்றது. உழைப்பும் சிக்கனமும் தனிமனிதனைத் தாங்குபவை. அவற்றின் மதிப்பை எவரும் மறுப்பதற்கில்லை. ஆனால், கிராமத்தைத் தாங்குபவை வேறு சில. கண்ணுக்குத் தெரியாத கடைமடையானையும் தன்னோடொத்த உரிமையுடையவனாகக் கருதும் நீதியுணர்வு அவற்றுள் முதலாவது. வாய்க்காலில் எவ்வளவு நீர் உள்ளது, சங்கத்தில் எவ்வளவு பணம் உள்ளது என்பதை ஒளியாது கூறும் வாய்மை இரண்டாவது. எடுக்க முடிந்தும் எடாதிருக்கும் தன்னடக்கம் மூன்றாவது. திருக்குறள் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரத்தையே வகுத்துள்ளமை இங்கு நினைவுகூரற்பாலது. ஒப்புரவு என்பது இரப்பவனுக்கு இடும் ஈகையின் வேறானது. ஊரில் ஒருவனாக வாழ்வதனால் வரும் கடப்பாட்டை உணர்தல் அது. தலைமடையான் விட்ட நீர் கடைமடையானுக்கு இட்ட பிச்சையன்று. அவனுக்கு உரியதே அவனைச் சென்றடைந்தது.

விழுமியங்கள் எவ்வாறு உருவாகின்றன என்பதற்கும் கல்லோயா ஒரு விடை தருகின்றது. நீதியான செயல்களைச் செய்து செய்தே மனிதன் நீதிமானாகின்றான் என்பது அரிஸ்டோட்டிலின் கருத்து. அங்கு விவசாயிகளுக்கு ஒற்றுமை பற்றிய சொற்பொழிவுகள் முதலில் நிகழ்த்தப்படவில்லை. மண்வெட்டியுடன் ஒரே வாய்க்காலில் இறங்கிய பின்னரே ஒற்றுமை வந்தது. 1958இல் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவர்களுடன் கனத்தொலுவ என்னும் ஒதுக்கப்பட்ட மக்களின் கிராமத்திற்குச் சென்று தொடக்கிய சர்வோதய சிரமதான இயக்கமும் இவ்வுண்மையையே பற்றிநின்றது. மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை ஆகிய பௌத்த விழுமியங்களைத் தனிமனித விழிப்பின் அடிப்படையாகக் கொண்ட அவ்வியக்கம், அவற்றை வீதி வெட்டுதல், கிணறு தோண்டுதல் ஆகிய கூட்டு உழைப்பின் ஊடாகவே பயிற்றுவிக்க முனைந்தது.

செயலே விழுமியத்தை வளர்க்கும் எனின், மக்களைக் கட்டாயப்படுத்தியேனும் கூட்டுச் செயலில் ஈடுபடுத்தலாகாதா என்னும் வினா எழலாம். தன்சானியாவின் வரலாறு இதற்கு விடையிறுக்கும். சுவாகிலி மொழியில் குடும்பத்துவம் எனப் பொருள்படும் 'உஜமா' என்னும் கோட்பாட்டை ஜூலியஸ் நைரேரே முன்வைத்தார். 1967ஆம் ஆண்டின் அருஷா பிரகடனம் அதனை நாட்டின் வழியாக்கியது. பகிர்ந்துண்ணல், யாவரும் உழைத்தல், ஒருவரையொருவர் மதித்தல் என்னும் அதன் விழுமியங்கள் உயர்ந்தவை. நைரேரேயின் நேர்மையையும் எதிரிகள்கூட ஐயுற்றதில்லை. தொடக்கத்தில் மக்கள் விரும்பி இணைதலே கொள்கையாக இருந்தது. இணைவு மெதுவாக நிகழவே, 1973இன் பிற்பகுதியில் கிராமங்களிற் குடியேறுதல் கட்டாயமாக்கப்பட்டது. 1976 அளவில் பல இலட்சக்கணக்கான மக்கள் இடம்பெயர்க்கப்பட்டிருந்தனர். சில இடங்களில் திரும்பிச் செல்லாதவாறு பழைய வீடுகள் எரிக்கப்பட்டன. எழுத்தறிவிலும் சுகாதாரத்திலும் அந்நாடு கண்ட முன்னேற்றம் பாராட்டத்தக்கதே. ஆயினும், கூட்டுப் பயிர்ச்செய்கை வேரூன்றவில்லை. வரட்சியும் சேர்ந்துகொள்ள, 1974, 1975ஆம் ஆண்டுகளில் பெருமளவு தானியம் இறக்குமதியாயிற்று. கட்டளையினாற் பிறந்த குடும்பத்துவம் குடும்பத்துவமாகாது. பகிர்தலின் மதிப்பு, பகிராதிருக்க முடிந்தவனின் சுதந்திரத்திலேயே தங்கியுள்ளது.

கிராமத்தின் விழுமியங்களைப் போற்றுவோர் மறக்கலாகாத இன்னொரு பக்கமும் உண்டு. 1948 நவம்பரில் இந்திய அரசியல் நிர்ணய சபையிற் பேசிய அம்பேத்கர், கிராமத்தைப் புனிதமாக்கும் போக்கைக் கடுமையாகச் சாடினார். குறுகிய மனப்பான்மையும் வகுப்பு வேற்றுமையும் குடிகொண்ட இடமாகவே அவர் அதனைக் கண்டார். யாழ்ப்பாணக் கிராமங்களை அறிந்தோர் இக்கூற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கிடுகு வேலிக்குள் கட்டுக்கோப்பும் சிக்கனமும் கல்வி வேட்கையும் விளங்கிய அதே ஊர்களில், தாகத்துடன் வந்த மனிதனுக்குப் பொதுக்கிணற்றில் அள்ளும் உரிமை மறுக்கப்பட்டது. 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியும், 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்திற்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. ஒற்றுமை என்பது எவரை உள்ளடக்குகின்றது, எவரை வெளியே நிறுத்துகின்றது என்னும் வினாவின்றி அதனை விழுமியம் எனப் போற்றுதல் ஆபத்தானது. கல்லோயாவின் ஒற்றுமையும் 1956இன் காயத்தையோ நிலம் பற்றிய அரசியல் வினாவையோ தீர்த்துவிடவில்லை. விழுமியம் உரிமையின் இடத்தை நிரப்பாது. சட்டமும் அரசியலும் செய்யவேண்டியவற்றை விவசாயியின் நல்லெண்ணத்தின்மீது சுமத்துதல் முறையன்று. எனினும், சட்டமும் அரசியலும் தோற்றுநின்ற காலத்தில் அந்நல்லெண்ணம் தோற்கவில்லை என்பதைக் கூறாது விடுவதும் முறையன்று.

இறுதியாக, விழுமியங்களைக் கிராமத்தவனிடம் மட்டும் தேடும் வழக்கம் கைவிடப்படல் வேண்டும். 1983இல் ரொபேட் சேம்பர்ஸ் எழுதிய கிராமிய அபிவிருத்தி பற்றிய நூல், நகரத்திலிருந்து செல்லும் அறிஞரும் உத்தியோகத்தரும் தார் வீதியோரக் கிராமங்களையும், மழையற்ற மாதங்களையும், வசதியுடையோரையும் மட்டுமே கண்டு திரும்புவதைச் சுட்டிக்காட்டியது. கடைசியில் இருப்பவனை முதலில் வைப்பதற்கு முதலில் இருப்பவர்கள் மாறவேண்டும் என்பதே அந்நூலின் சாரம். கேட்டறியும் பணிவு, அறியாததை அறியேன் எனக் கூறும் நேர்மை, பயன் தோன்றும்வரை காத்திருக்கும் பொறுமை, பொதுப்பணத்தில் கைவைக்காமை ஆகிய இவை உத்தியோகத்தனுக்கும் பட்டதாரிக்கும் உரிய விழுமியங்கள். கல்லோயாவின் அமைப்பாளர்கள் இவற்றைக் கொண்டிருந்தமையாலேயே வாசல்கள் அவர்களுக்குத் திறந்தன. அதேவேளை, நிரந்தர நியமனம் அற்ற அவ்விளைஞருட் பலர், வேறு அரசாங்க உத்தியோகம் கிடைத்ததும் விலகிச் சென்றனர். அவர்களைக் குறைகூறுதல் எளிது. ஆனால், தியாகத்தை எதிர்பார்த்துவிட்டு அதனைச் செய்தவனின் வாழ்வுக்கு உறுதி தராத அமைப்பும், நீர் வருமென்ற உறுதியைத் தராது தலைமடையானிடம் அடக்கத்தை எதிர்பார்த்த பழைய பாசன முறையும் ஒரே தவற்றையே இழைத்தன.

பல்கலைக்கழகமும் ஒருவகையில் வாய்க்காலின் தலைப்பிலேயே அமைந்துள்ளது. இலவசக் கல்வி என்னும் பொதுநீர் அங்குதான் முதலில் நிறைந்து பாய்கின்றது. அந்நீருக்கான செலவில் ஒரு பங்கு, பல்கலைக்கழக வாயிலை ஒருபோதும் மிதியாத கமக்காரனதும் தோட்டத் தொழிலாளியினதும் உழைப்பிலிருந்து வந்தது. அந்நீர் அங்கேயே தேங்கி நிற்பதா, கடைமடைவரை ஓடுவதா என்பதைத் தீர்மானிப்பது எந்த ஐந்தாண்டுத் திட்டமும் அன்று. கிராமத்தவனுக்கு எந்த விழுமியம் குறைவு என ஆராய்வோர், தம் மதகு திறந்திருக்கின்றதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுதல் நன்று.